சுஜாதா: கணினியைச் சிரிக்க வைத்தவர்

எட்டயபுரத்து வாக்குச்சாவடியில் நீலப் பொத்தானை அழுத்தினால் 'பீப்' என்று ஒலி கேட்கும். அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய பொறியாளர், தமிழ் வாசகர்களைச் சிரிக்க வைத்த எழுத்தாளரும் ஆவார்.

எஸ். ரங்கராஜன் (3 மே 1935 – 27 பிப்ரவரி 2008) சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்றார். மனைவியின் பெயரான 'சுஜாதா'வையே புனைபெயராக்கிக்கொண்டார். ஸ்ரீரங்கத்து மனிதர்களைப் பற்றிய கதைகளில் அவரது நகைச்சுவையை அறியலாம்.

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்துக்குப் பொறுப்பேற்றார். வாக்குச்சாவடியைக் கைப்பற்றுவோர் கள்ள வாக்குகளைக் குவிக்க முடியாதபடி, நிமிடத்துக்கு 5 வாக்குகளே பதிவாகுமாறு அதன் நிரல் அமைந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இவ்வகை இயந்திரங்களே பயன்பட்டன.

ஆனால், இயந்திரத்தை அவர் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. 'என் இனிய இயந்திரா' நாவலில் எதிர்கால இந்தியாவை ஒரு சர்வாதிகாரி ஆள்கிறார். அந்த ஆட்சியின் பொய்யை அம்பலப்படுத்த உதவுவது ஜீனோ என்னும் வாயாடி இயந்திர நாய்.

பணி ஓய்வுக்குப் பின், தமிழ் இணையத்தின் தொடக்கக் காலத்தில் 'அம்பலம்' மின்னிதழின் ஆசிரியராக இருந்தார். அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதற்காக 1993இல் தேசிய விருது பெற்றார். புரியாத கருவியைக் கண்டால் மக்கள் அஞ்சுவர் அல்லது வணங்குவர். சுஜாதாவோ அதைப் பார்த்துச் சிரிக்கவும் கேள்வி கேட்கவும் கற்றுத்தந்தார்.