சொல்லும் குருதியும்: ஆபிரிக்க இளம் பெண்களிடையே எச்.ஐ.வி. தடுப்பு முயற்சிகள் மதிப்பிடப்பட்ட வரலாறு

எயிட்ஸ் நோயின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தடுப்பு முயற்சிகளின் பயன் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதற்கும் தனியானதொரு வரலாறு உண்டு. கிழக்கு, தென் ஆபிரிக்க நாடுகளில் இளம் பெண்கள் தம் வயதொத்த ஆண்களைவிடப் பன்மடங்கு கூடுதலாக எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகினர். எனவே அவ்வரலாற்றின் முக்கிய அதிகாரங்கள் அவர்களைப் பற்றியனவாகவே அமைந்தன.

தொடக்ககாலத் திட்டங்கள் வினாக்கொத்தையே அளவுகோலாகக் கொண்டன. அறிவு பெருகின் நடத்தை திருந்தும், நடத்தை திருந்தின் தொற்றுக் குறையும் என்பது அவற்றின் எடுகோள். தன்சானியாவின் முவான்சாப் பகுதியில் 1998ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வு இவ்வெடுகோளைச் சோதித்தது. 20 சமூகங்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, அவற்றுட் பாதியில் பாடசாலைப் பாலியற் கல்வியும் இளைஞர்க்கேற்ற சுகாதார சேவையும் வழங்கப்பட்டன. மூன்றாண்டுகளின் பின்னர் மாணவரின் அறிவும் மனப்பாங்கும் தெளிவாக உயர்ந்திருந்தன. ஆயின் குருதிப் பரிசோதனையில், எச்.ஐ.வி. தொற்றிலோ பாலுறுப்பு ஹெர்ப்பீஸ் தொற்றிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2007-2008இல் நடாத்தப்பட்ட மீளாய்வும் இம்முடிவையே உறுதிப்படுத்திற்று. வினாக்கொத்தோடு நின்றிருப்பின் இத்திட்டம் வெற்றியெனவே பதிவாகியிருக்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அறிவு போதாதெனின் குறைவது யாது என்னும் வினா எழுந்தது. வறுமையே மூலமெனக் கருதியோர் பணக் கொடுப்பனவை நாடினர். மலாவியின் சொம்பா மாவட்டத்தில் 13 முதல் 22 வயதுவரையான மணமாகாத பெண்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் பணம் வழங்கப்பட்டது. பதினெட்டு மாதங்களின் பின், பாடசாலையிற் கற்றுவந்த மாணவியருள் பணம் பெற்றோரிடையே எச்.ஐ.வி. தொற்று 1.2 வீதமாகவும், பெறாதோரிடையே 3.0 வீதமாகவும் இருந்தது. 2012இல் வெளிவந்த இம்முடிவு பெரும் நம்பிக்கையை ஊட்டிற்று.

ஆயினும் தென்னாபிரிக்காவின் அகின்கோட் பகுதியில் ஏறக்குறைய 2,500 மாணவியரிடையே நடாத்தப்பட்டு 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு வேறொன்றைக் கூறியது. பாடசாலை வரவை நிபந்தனையாகக் கொண்டு பணம் வழங்கியும் புதிய தொற்றுக்கள் குறையவில்லை. அங்கு இரு பிரிவினரிடத்தும் வரவு ஏறத்தாழ 95 வீதமாக இருந்தமையால் பணம் உயர்த்துவதற்கு இடமே எஞ்சியிருக்கவில்லை. எனினும் எப்பிரிவைச் சார்ந்தோராயினும், கல்வியைத் தொடர்ந்த மாணவியரிடத்தே தொற்றுக் குறைவாகவே இருந்தது. ஓரிடத்தின் வெற்றியைப் பிறிதோரிடத்துக்கு அவ்வாறே பெயர்த்தல் இயலாதென்பது இதனாற் பெறப்படும் பாடமாகும்.

சொல்லுக்கும் குருதிக்கும் உள்ள இடைவெளி மருந்து ஆய்விலேயே மிகத் தெளிவாகப் புலப்பட்டது. தென்னாபிரிக்கா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய நாடுகளைச் சேர்ந்த 5,029 பெண்கள் பங்குபற்றிய 'வொய்ஸ்' பரிசோதனையில், தடுப்பு மாத்திரைகளையும் பூச்சு மருந்தையும் நாடோறும் பயன்படுத்துவதாக ஏறத்தாழப் பதின்மருள் ஒன்பதின்மர் என்னும் அளவிற் கூறினர். ஆயின் பரிசோதிக்கப்பட்ட குருதி மாதிரிகளுள் 30 வீதத்துக்கு மேற்படாதவற்றிலேயே மருந்து காணப்பட்டது. தொற்றும் குறையவில்லை. இதனைப் பெண்களின் பொய்ம்மையென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஆய்வாளர் மீளச் சென்று வினவியபோது பக்கவிளைவு பற்றிய அச்சமும், மாத்திரையைக் காண்போர் தம்மை நோயாளரெனக் கருதுவர் என்னும் அச்சமும் வெளிப்பட்டன. மருந்தின் ஆற்றலை அளந்தோர், அதை உட்கொள்ள வேண்டியவளின் வாழ்நிலையை அளக்கத் தவறியிருந்தனர்.

இப்படிப்பினைகளின் பின்னர், 2014இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்க சனாதிபதியின் எயிட்ஸ் அவசர நிவாரணத் திட்டம் 'ட்றீம்ஸ்' என்னும் பெருந்திட்டத்தை அறிவித்தது. பத்து ஆபிரிக்க நாடுகளில் கல்வி, பொருளுதவி, சுகாதார சேவை, வன்முறைத் தடுப்பு யாவும் ஒருங்கிணைக்கப்பட்டன. தெரிந்தெடுத்த பகுதிகளில் ஈராண்டுகளில் புதிய தொற்றை 40 வீதத்தாற் குறைத்தல் இலக்காகும். கென்யாவிலும் தென்னாபிரிக்காவின் குவாசுலு நட்டாலிலும் நிகழ்ந்த மதிப்பீடு, தொற்றுக் குறைந்து வந்ததாயினும் அக்குறைவு திட்டத்துக்கு முன்னரே தொடங்கியிருந்ததைக் காட்டிற்று. சேவைகள் ஒரே காலத்திற் பரவலாக வழங்கப்பட்டமையால் ஒப்புநோக்கத்தக்க பிரிவொன்று அமையவில்லை. திட்டம் விளைத்த பயனைத் தனித்துப் பிரித்தறிதல் அரிதாயிற்று.

2024இல் வெளிவந்த பரிசோதனை முடிவு இவ்வரலாற்றின் மறுபுறத்தைக் காட்டுகின்றது. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 16 முதல் 25 வயதுவரையான பெண்களுள், ஆண்டுக்கு இருமுறை லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவர்க்கேனும் தொற்று ஏற்படவில்லை. நாடோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டியிருந்த பிரிவினரிடையே தொற்றுக்கள் நிகழ்ந்தன. அவர்களுட் பலரின் குருதியில் மருந்து குறைவாகவே காணப்பட்டது.

தோல்விகளை மறையாது பதிவுசெய்த முந்தைய ஆய்வுகள் இன்றேல் இவ்வெற்றிக்கு வழி பிறந்திராது. மதிப்பீடு என்பது நிதி வழங்குவோர்க்குச் சமர்ப்பிக்கும் கணக்கு மட்டுமன்று. பயனற்ற பாதுகாப்பைப் பயனுடையதென நம்பவைக்கப்படும் பெண்ணுக்கு அது உயிர்ப் பிரச்சினையாகும். அவள் கூறுவதைச் செவிமடுத்தலும், அவள் குருதி காட்டுவதை மறையாது ஏற்றலும் ஒருங்கே நிகழும்போதே மதிப்பீடு தன் கடனை ஆற்றியதாகும்.