பெயர் கேட்காத குழு

சங்கம் ஒன்று அமைத்தால் அதற்கு உறுப்பினர் பதிவேடு வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கணினி வலையமைப்பின் வரலாற்றிலோ, பதிவேடே இல்லாத குழுவை உண்டாக்கிப் பார்த்த காலம் ஒன்று உண்டு. மல்டிகாஸ்ட் எனப்படும் குழுப்பரப்பலின் கதை அது.

ஆயிரம் பேருக்கு ஒரே செய்தியை அனுப்ப ஆயிரம் பிரதிகள் எடுப்பது இணையத்தின் வழக்கம். ஒரே பிரதியை அனுப்பி, பாதை பிரியும் இடங்களில் மட்டும் அதைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் டீரிங்கும் டேவிட் செரிட்டனும் 1985இல் முன்மொழிந்தனர். அக்குழுவில் சேர்வது எவ்வாறு? 1986இல் டீரிங் எழுதிய ஆவணத்தில், சேர விரும்பும் கணினி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கென அமைந்த முகவர் விடையளிக்க வேண்டும். தனிக்குழுக்களுக்குத் திறவுகோலும் உண்டு.

மூன்றே ஆண்டுகளில் இவையனைத்தும் கைவிடப்பட்டன. 1989 ஆகஸ்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 1112 வகுத்த முறை வியப்பூட்டும் எளிமை கொண்டது. உள்ளூர் வலையமைப்பின் ரூட்டர், எந்தெந்தக் குழுக்களுக்கு இங்கே ஆள் இருக்கிறது என்று அவ்வப்போது கேட்கும். ஒவ்வொரு கணினியும் பத்து வினாடிக்குள் ஏதோ ஒரு கணத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து காத்திருக்கும். முதலில் பேசும் கணினியின் பதில் குழுவின் முகவரிக்கே செல்வதால், ஏனைய உறுப்பினர்கள் அதைக் கேட்டு மௌனமாகிவிடுவர். நூறு பேர் இருப்பினும் ரூட்டர் அறிவது, ஒருவரேனும் இருக்கிறார் என்பதை மட்டுமே. விலகுபவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை; பலமுறை கேட்டும் பதில் வராவிட்டால் பரப்பல் நின்றுவிடும்.

1992 மார்ச்சில், சான் டியாகோவில் கூடிய இணையப் பொறியாளர்களின் உரைகள் இம்முறையில் மூன்று கண்டங்களிலிருந்த 20 இடங்களில் ஒலித்தன. 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரியும் இவ்வழியே பரவியது.

ஆனால், கேட்பவரை எண்ண முடியாத ஒன்றுக்கு எப்படிக் கட்டணம் வசூலிப்பது? உறுப்பினர் அல்லாதவரும் குழுவுக்குச் செய்தி அனுப்பலாம் என்பதால் தொல்லை தருவோரைத் தடுப்பதும் கடினமாயிற்று. 1997இன் இரண்டாம் பதிப்பு, விலகுபவர் விடைபெற்றுச் செல்ல வழிசெய்தது. 2002இன் மூன்றாம் பதிப்பு, எவரிடமிருந்து கேட்க விருப்பம் என்று உறுப்பினர் குறிப்பிட இடமளித்தது. கூடவே, பிறர் பதிலைக் கேட்டு மௌனமாகும் வழக்கத்தையும் நீக்கியது. உறுப்பினரைத் தனித்தனியே கணக்கெடுக்க இப்போது ரூட்டரால் முடியும். பதிவேடு வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

இன்று மல்டிகாஸ்ட், தொலைக்காட்சிச் சேவை தரும் நிறுவனங்களும் பங்குச் சந்தைகளும் நடத்தும் மூடிய வலையமைப்புகளுக்குள் வாழ்கிறது. பொது இணையத்திலோ நாம் காணும் காணொளி ஆளுக்கொரு பிரதியாகவே வருகிறது. யார், எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற கணக்கும் அதனுடன் சேர்ந்தே எழுதப்படுகிறது. கேட்பவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டுமென்று டீரிங் அந்த மௌனத்தை வகுக்கவில்லை. வீண் போக்குவரத்தைக் குறைப்பதே அவர் நோக்கம். எனினும், வானொலி தன் நேயர்களுக்கு அளித்த பெயரறியா சுதந்திரத்தை இணையமும் அளித்திருக்கக்கூடும் என்பதற்கு அந்த ஆவணம் ஒரு சான்றாக எஞ்சியிருக்கிறது.