வானொலி செலுத்திய படகும் விமானமும்

மாதிரிப் படகையும் மாதிரி விமானத்தையும் கரையில் நின்றவாறே வானொலி அலையால் செலுத்தும் விளையாட்டில் இறங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மோட்டாரை வாங்கலாம்?" என்பதேயாகும். இக்கேள்விக்குரிய விடை வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் மின்சாரக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு ஏதுமின்றிச் செலுத்திக் காட்டினார். அதனுள் பாட்டரியும் மின்மோட்டார்களும் இருந்தன. ஒரு மோட்டார் விசிறியைச் சுழற்றிப் படகை உந்தியது. மற்றொன்று சுக்கானைத் திருப்பியது. நீராவி எந்திரத்துக்கு நெருப்பும் ஆளும் வேண்டும். மின்மோட்டாரோ, இணைப்பை மூடினால் ஓடும், திறந்தால் நிற்கும். தொலைவிலிருந்து வரும் அலைக்கு இதனினும் ஏற்ற பணியாள் இல்லை. பாட்டரியின் பாரத்தையோ நீர் சுமந்துகொண்டது.

காற்று அவ்வாறு சுமக்குமோ? சுமக்காது. ஆகவே, மாதிரி விமானங்கள் நெடுங்காலம் எரிபொருள் எந்திரங்களையே நம்பியிருந்தன. 1957 ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தில் கர்னல் டாப்லின், 'ரேடியோ குவீன்' என்னும் மாதிரி விமானத்தை மின்மோட்டாரால் பறக்கச் செய்து, வானொலியால் செலுத்தினார். டெஸ்லாவின் படகுக்கும் இதற்கும் இடையே 59 ஆண்டுகள்! இவ்வெற்றிக்கு மோட்டார் மட்டும் காரணமன்று. ஈயப் பாட்டரியைவிட, எடைக்கு எடை மிகுதியான ஆற்றல் தரும் வெள்ளி-துத்தநாகப் பாட்டரி அதற்குத் துணை நின்றது. மோட்டாரிலும் நிலைக்காந்தம் இருந்தமையால், காந்தப்புலத்தை உண்டாக்கவென்று தனியே மின்சாரம் செலவாகவில்லை.

இன்று லித்தியம் பாட்டரிகளும், தேயும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்களும் வந்துவிட்டன. ஆயினும் பழைய கணக்கு மாறவில்லை. இத்தகைய மோட்டாரின் மேல் ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். 1000 என்றிருந்தால், சுமையின்றி ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் ஏறத்தாழ 1000 சுற்று என்பது பொருள். எண் பெரிதாயின் ஆற்றல் பெரிது என்று கொள்வது பிழை. மெதுவாகச் சுழலும் பெரிய விசிறிக்குச் சிறிய எண்ணும், விரைந்து சுழலும் சிறிய விசிறிக்குப் பெரிய எண்ணும் பொருந்தும். பொருந்தாத பெரிய விசிறியை மாட்டினால், மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிச் சுருள் கருகிவிடும்.

ஆதலின், முதலில் விமானத்தின் எடையை அறிக. அடுத்து அதற்கேற்ற விசிறியையும் பாட்டரியையும் எண்ணுக. இறுதியில் மோட்டாரைத் தேர்க. படகுக்கு உகந்த பாரம் விமானத்துக்கு ஆகாது என்பதே அந்த 59 ஆண்டுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.