நிழலிலிருந்து கோணத்துக்கு

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் என்ற பாடம் வந்ததும் இரண்டு இடங்களில் மாணவர்கள் தடுமாறுவார்கள். சைனின் நேர்மாறு எப்போதும் −90 பாகைக்கும் 90 பாகைக்கும் இடையில்தான் விடை தரும் என்ற கட்டுப்பாடு ஒன்று. 120 பாகையின் சைனை எடுத்து அதற்கு நேர்மாறு கண்டால் 120 திரும்பி வராது, 60தான் வரும். ½, 1/√2, √3/2 போன்ற சில எண்களுக்கு மட்டும் விடையைத் துல்லியமாக எழுதச் சொல்வது இன்னொன்று. இரண்டும் எங்கிருந்தோ வந்த பாடநூல் விதிகள், தேர்வுக்காக ஒப்பிக்க வேண்டியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. இந்த மண்ணில் பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கு இவ்விரண்டும் அன்றாடத் தொழிலின் தேவைகள். அந்தத் தொழிலின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டுக்கும் காரணம் தெரியும்.

தம்மம்பட்டியையே எடுத்துக்கொள்வோம். மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற இந்த ஊர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் இருக்கிறது. அடிவானத்தை மலை மறைக்கும் ஊரில் சூரிய உதயத்தைக் கண்ணால் பார்த்துக் குறிக்க முடியாது, கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதல் தேவை ஊரின் அட்சம், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து அதன் கோண விலக்கம். பழைய முறையில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சங்கு எனப்படும் 12 அங்குலக் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு நண்பகல் நிழலை அளப்பார்கள். தம்மம்பட்டியில் அந்த நிழல் ஏறக்குறைய 2 அங்குலம் 26 வியங்குலம் இருக்கும். வியங்குலம் என்பது அங்குலத்தில் அறுபதில் ஒரு பங்கு. சங்கின் நுனியிலிருந்து நிழலின் நுனிவரை உள்ள கர்ணம் 12¼ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நிழலை 3438-ஆல் பெருக்கிக் கர்ணத்தால் வகுத்தால் 683 வரும். இது அட்சத்தின் ஜியா, அதாவது 3438 ஆரமுள்ள வட்டத்தில் அந்தக் கோணத்தின் சைன். இனி ஜியாவிலிருந்து வில்லை மீட்க வேண்டும். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் தந்த வரிசையில் 225 கலைக்கு ஒன்றாக 24 ஜியாக்கள் உண்டு; கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. மூன்றாவது 671, நான்காவது 890. 671-க்கு உரிய வில் 675 கலை. மிச்சமுள்ள 12-ஐ 225-ஆல் பெருக்கி, இடைவெளியான 219-ஆல் வகுத்துக் கூட்டினால் சுமார் 687 கலை, அதாவது 11 பாகை 27 கலை. இன்றைய வரைபடம் காட்டும் அட்சத்துக்கும் இதற்கும் ஓரிரு கலைதான் வித்தியாசம். இன்று நாம் நேர்மாறு சைன் என்று எழுதுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

இந்த வரிசை 90 பாகையில், அதாவது மூன்று ராசியில், முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஜியா இறங்கத் தொடங்குவதால், அதே எண்களைத் திரும்ப எழுதுவதில் பயனில்லை. ஆகவே ஜியாவைக் கொடுத்தால் வரிசை ஒரே ஒரு வில்லைத்தான் தரும். கிரகம் எந்தப் பதத்தில், அதாவது வட்டத்தின் எந்தக் கால் பகுதியில் நிற்கிறது என்பதைக் கணிப்பவர் தனியே நினைவில் வைத்திருந்து, இரண்டாம் பதமானால் ஆறு ராசியிலிருந்து கழித்துக்கொள்வார். நான்கு ராசிக்குப் புஜம், அதாவது வரிசையில் தேட வேண்டிய வில், இரண்டு ராசி; 120-க்கு 60. முதன்மை மதிப்பு என்று புத்தகம் வரையறுப்பது இந்தப் பிரிவினையைத்தான். துல்லிய மதிப்புகளும் அப்படியே. எட்டாவது ஜியா 1719, ஆரத்தில் சரிபாதி. அதன் வில் 30 பாகை என்பதில் தோராயம் எதுவும் கிடையாது. 45 பாகைக்கு ஆரத்தை √2-ஆல் வகுக்க வேண்டும், 2431 வரும். இப்படி அறிந்த முளைகளிலிருந்து பாதி பாதியாக இறங்கி மற்ற ஜியாக்களை எட்டலாம். முளைகள் துல்லியமாக இல்லாவிட்டால் இடையில் கட்டிய கயிறு எதுவும் நிற்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள் பெரும்பாலும் வாக்கிய முறையைப் பின்பற்றியவர்கள். சந்திரனின் 248 நாள் நிலைகள் வரருசி வாக்கியங்களில் எண்களைக் குறிக்கும் எழுத்துகளாகவே கிடைக்கின்றன. ஜியாவும் வில்லும் அவர்களுக்கு எதற்கு? ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில், புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் வாக்கியம் ஊருக்கு ஊர் மாறாது. உதயமும் பகலின் நீளமும் மாறும். அதற்கு அவர்களிடம் ஒரு விதி இருந்தது: சம நாள் நிழலை 10, 8, 10/3 ஆகியவற்றால் பெருக்கினால், மேஷம், ரிஷபம், மிதுனம் ஒவ்வொன்றிலும் உதயம் எத்தனை விநாடி முந்துகிறது என்று தெரிந்துவிடும். இங்கே விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, 24 நொடி. தம்மம்பட்டி நிழலுக்கு மூன்றையும் கூட்டினால் சுமார் 52 விநாடி, கிட்டத்தட்ட 21 நிமிடம். ஆனியில் மிக நீண்ட பகல் 12 மணிக்கு மேல் 41 நிமிடம் அளவுக்கு நீளும் என்பது இதிலிருந்து கிடைக்கிறது. அட்சத்தையும் சூரியனின் கிராந்தியையும், அதாவது வான நடுவரையிலிருந்து அதன் கோண விலக்கத்தையும், கொண்டு முறையாக நேர்மாறு சைன் கண்டாலும் கிட்டத்தட்ட இதே விடைதான், ஓரிரு விநாடிக்கு மேல் மாறாது. சிறு கோணங்களில் ஜியாவும் வில்லும் ஏறக்குறைய சமம் என்பதை அறிந்த ஒருவர், கடினமான படியை முன்கூட்டியே செய்து மூன்று எண்களுக்குள் அடைத்துவைத்திருக்கிறார். மனப்பாடம் செய்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். விதியை ஆக்கியவருக்குத் தெரியும்.

எல்லாம் தோராயம்தானே, துல்லியம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சங்கமகிராமத்து மாதவர் பதில் சொல்கிறார். பதினான்காம் நூற்றாண்டுக் கேரளத்தவரான அவரது மரபில், டேன்ஜென்டிலிருந்து வில்லைத் தரும் முடிவில்லாத் தொடர் உருவானது. ஜேஷ்டதேவரின் ‘யுக்திபாஷை’ அதை நிறுவிக் காட்டுகிறது. அதில் பயனுள்ள தேர்வு எது என்றால் 30 பாகைதான்: அதன் டேன்ஜென்ட் 1/√3. துல்லியமாகத் தெரிந்த அந்த ஒரு வில்லைத் தொடரில் இட்டால், உறுப்புகள் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்கி, வட்டத்தின் சுற்றளவு விரைவில் கிடைத்துவிடுகிறது. தொண்ணூறாயிரம் கோடி விட்டத்துக்கு 2,82,743 கோடியே 33,88,233 சுற்றளவு என்று மாதவர் பெயரில் வழங்கும் கணக்கில், π-க்கு உள்ள பிழை லட்சம் கோடியில் மூன்று பங்குக்கும் குறைவு. இது கேரளத்தின் பெருமை, தமிழகத்துக்கு என்ன பங்கு என்றும் சிலர் கேட்கலாம். அந்தக் காலத்துக் கணிதர்கள் அப்படி எல்லை போட்டுக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டு வாக்கிய மரபின் மூலநூலான ‘வாக்கியகரணம்’ என்பதற்கு உரை எழுதிய சுந்தரராஜர், தம் ஐயங்களை மாதவர் மரபில் வந்த நீலகண்ட சோமயாஜியிடம் கேட்டார்; நீலகண்டர் அவற்றுக்கு ஒரு தனி நூலாகவே விடை எழுதினார்.