தாயுமானவரும் ஒரு கதவும்

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். பேறுகால வேதனையில் இரத்தினாவதி. பூம்புகாரிலிருந்து வந்த தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. சிவபெருமானே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் வைக்கிறார்கள்.

1974-இல் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். என் மாமியார் ஸ்ரீரங்கத்திலிருந்து கூடவே வந்திருந்தார். பிரசவ அறைக்குள் அவரை விடவில்லை. இரவு முழுக்க வராந்தாவில் நின்றார். உள்ளேயிருந்து "அம்மா" என்று மகள் கூப்பிட்டது கேட்டது. காவிரி குறுக்கே இல்லை, ஒரு கதவுதான்.

மேல்நாடுகளில் இந்தத் துணைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் உண்டு. 'டூலா' என்பார்கள், பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மருத்துவம் பார்க்கமாட்டார், கையைப் பிடித்துக்கொள்வார், இடுப்பைத் தேய்த்துவிடுவார், தைரியம் சொல்வார். துணை இருந்தால் வலி நேரமும் சிசேரியனும் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-இல் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க வழி பிறந்தது. 2016-இல் மத்திய அரசும் அனுமதித்தது.

சென்ற வருடம் பேத்தியின் பிரசவத்துக்கு, அன்று பிறந்த என் மகள் உள்ளே போனாள். வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு இது கிடைக்கலையே."