சுவருக்கு உண்டு, நாற்காலிக்கு இல்லை

1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை. லண்டன் புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ, நான்கு நாள் எரிந்து 13,000 வீடுகளுக்கு மேல் தின்றது. அந்த நாள்களை நமக்காக எழுதி வைத்துவிட்டுப் போனவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பீப்ஸ். கடற்படை அலுவலகத்தில் வேலை, விடாமல் நாட்குறிப்பு எழுதும் பழக்கம். தேம்ஸ் ஆற்றில் தப்பிப் போகிற படகுகளைப் பார்த்து அவர் ஒரு கணக்குப் போடுகிறார். வீட்டுச் சாமான் ஏற்றிய படகுகளில் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றில் வர்ஜினல் இருந்ததாம். வர்ஜினல் என்பது பியானோவுக்கு முந்திய ஒரு சின்ன இசைக்கருவி. பீப்ஸும் சும்மா இருக்கவில்லை. வண்டி பிடித்துத் தன் சாமான்களை ஊருக்கு வெளியே அனுப்பினார். ஒயினையும் பார்மசான் பாலாடைக்கட்டியையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்.

பாலாடைக்கட்டியைப் புதைத்த கதையைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், வீடு எரியும்போது மனிதர்கள் காப்பாற்ற நினைப்பது தட்டுமுட்டுச் சாமான்களைத்தான். சுவரை யாராலும் தூக்க முடியாது என்பது வேறு விஷயம். அன்றாட வாழ்க்கை நடப்பது கட்டிலிலும் மேசையிலும் அலமாரியிலும். சுவர் அதைச் சுற்றி நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தீக்குப் பிறகு பிறந்த காப்புறுதியோ நேர் எதிராக யோசித்தது. 1680-81 வாக்கில் நிக்கோலஸ் பார்பன் என்பவர் லண்டனில் தீக்காப்புறுதி அலுவலகம் திறந்தார். மருத்துவம் படித்துவிட்டு வீடு கட்டி விற்கும் தொழிலுக்கு வந்தவர். அவர் காப்புறுதி செய்தது கட்டடங்களை மட்டும். செங்கல் வீடு என்றால் ஆண்டு வாடகையில் 2.5 விழுக்காடு சந்தா. மர வீடு என்றால் அதற்கு இரண்டு மடங்கு, 5 விழுக்காடு. எளிமையான கணக்கு. எது சீக்கிரம் எரியுமோ அதற்கு அதிகம் கட்டு.

நாற்காலியை ஏன் விட்டார்கள்? காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. சுவர் இடம் மாறாது. தெருவில் நின்றபடியே அது செங்கல்லா மரமா, எத்தனை மாடி என்று பார்த்துவிடலாம். நாற்காலிக்குக் கால் உண்டு. தீப்பிடிப்பதற்கு முதல் நாள் அதை விற்றுவிட்டு, 'ஐயோ, எரிந்து போச்சு' என்று சொன்னால் யார் சரிபார்ப்பது? மதிப்பை அளக்க முடிந்ததைக் காப்புறுதி ஏற்றுக்கொண்டது. முடியாததை வாசலிலேயே நிறுத்தியது.

இந்த நிலையை மாற்றியவர் சார்ல்ஸ் போவி. விதவிதமான தொழில் திட்டங்களோடு அலைந்த மனிதர். 1709இல் அரைப் பென்னிக்குக் கடிதம் கொண்டுபோகும் சேவை தொடங்கி, அரசாங்கத் தபால்துறையின் கோபத்துக்கு ஆளாகி அபராதம் கட்டியவர். அதற்கு ஓராண்டு முன், 1708இல், வீட்டுச் சாமான்களுக்கும் கடைச் சரக்குக்கும் தீக்காப்புறுதி என்ற யோசனையோடு ஒரு நிறுவனம் நடத்தத் தொடங்கினார். 1710இல் அது கைமாறி சன் ஃபயர் ஆபீஸ் ஆனது. கட்டடம், சாமான் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. லண்டனுக்கு வெளியேயும் போனது. காப்புறுதி உள்ள வீட்டின் முகப்பில் சூரியன் முகம் பொறித்த ஈயத்தகடு மாட்டினார்கள். அந்தத் தகடுகள் சில இன்றும் இங்கிலாந்தில் பழைய வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன.

எனக்கு அந்தத் தகட்டைவிட முக்கியமாகப் படுவது சன் நிறுவனத்தின் பதிவேடுகள். 1710இலிருந்து வரிசையாக லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. பெயர், தொழில், முகவரி, எந்தப் பொருளுக்கு எத்தனை பவுண்டு என்று ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு குறிப்பு. வீட்டுச் சாமான், உடுப்பு, வியாபாரச் சரக்கு என்று பிரித்து எழுதியிருப்பார்கள். ரொக்கப் பணம், கணக்குப் புத்தகம், கடன் பத்திரம் இவற்றுக்குக் காப்புறுதி கிடையாது. அளக்க முடியாததை நம்பக்கூடாது என்ற பழைய பயம் அங்கே மிச்சம் இருக்கிறது. ஆனாலும் சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாத வாடகைக்காரர்கள், கைத்தொழிலாளர்கள், விதவைகள் என்று பலரும் அந்தப் பக்கங்களுக்குள் வந்துவிட்டார்கள். வரலாற்றாசிரியர்கள் இன்று அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்களைத் தேடிப்போகும் இடங்களில் அந்தப் பதிவேடும் ஒன்று. பார்பனின் கணக்கில் அவர்களுக்கு இடமே கிடையாது.

ஆக, நாற்காலி உள்ளே வந்துவிட்டது. ஆனால் தீயால் சேதம் என்றால் மட்டும். திருடு போனால்? கை தவறிக் கீழே விழுந்து உடைந்தால்? அதற்கு இன்னும் ஏறக்குறைய 180 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1880களின் இறுதியில், லண்டன் லாய்ட்ஸ் சந்தையில் கத்பர்ட் ஹீத் என்ற இளைஞர் காப்புறுதி ஏற்றுக்கொண்டிருந்தார். வீட்டுச் சாமானுக்குத் தீக்காப்புறுதி கேட்டு வந்த ஒருவர், திருட்டையும் இதில் சேர்க்க முடியுமா என்று கேட்டாராம். 'ஏன் கூடாது?' என்றாராம் ஹீத். லாய்ட்ஸ் வட்டாரத்தில் இன்றுவரை சொல்லப்படும் கதை இது. திருட்டுக்குப் பிறகு, நகைக்கு எல்லா ஆபத்துக்குமான காப்புறுதி என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். எந்தெந்த ஆபத்து என்று பட்டியல் போடுவதற்குப் பதில், எந்த வழியில் சேதம் வந்தாலும் சரி என்ற எண்ணம் அப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்தது. இன்று வீட்டுக் காப்புறுதியில் கூடுதல் சந்தா கட்டி வாங்கும் 'தற்செயல் சேதம்' என்ற பிரிவு இதன் வாரிசு.

இப்போது ஒரு சிக்கல். எந்த வழியில் வந்தாலும் சரி என்றால், பத்து வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சோபாவுக்கும் பணம் தர வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடை ஒரு கம்பளி வழக்கில் கிடைத்தது. தென் அமெரிக்காவின் பட்டகோனியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த கம்பளி, வழியில் நனைந்து கெட்டுப்போனது. எல்லா ஆபத்துக்கும் காப்புறுதி இருந்தது. காண்ட் என்ற வணிகர் தரப்பு கேட்ட இழப்பீடு, 1921இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போனது. வணிகர் ஜெயித்தார். எப்படி நனைந்தது என்று அவர் துல்லியமாக நிரூபிக்கத் தேவையில்லை, ஏதோ ஒரு அசாதாரணச் சம்பவத்தால்தான் சேதம் என்று காட்டினால் போதும் என்றார்கள். அதே தீர்ப்பில் சம்னர் பிரபு ஒரு எல்லைக்கோடும் போட்டார். காப்புறுதி என்பது நடக்கலாம் அல்லது நடக்காமல் போகலாம் என்பதற்கு. கட்டாயம் நடக்கப்போவதற்கு இல்லை. சேதம் பொருளுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். பொருள் தன் இயல்பால் தானே கெட்டால் அது கணக்கில் வராது. ஆங்கில வணிகச் சட்டம்தான் மலேசியா, சிங்கப்பூர் இரண்டின் காப்புறுதிச் சட்டத்துக்கும் வேர் என்பதால், அந்தக் கம்பளி மூட்டையின் நிழல் நம்ம வீட்டு சோபா வரை விழுகிறது. தேய்மானம், கரையான், மெல்ல ஊறும் ஈரம் ஆகியவற்றுக்குப் பணம் இல்லை என்று பத்திரத்தில் எழுதியிருப்பது இதனால்தான்.

தமிழில் இது இன்னும் சுவாரசியம். தன், செயல் இரண்டும் சேர்ந்ததுதான் தற்செயல். தானாக நடப்பது. சட்டமோ தானாகக் கெட்டால் அது தற்செயல் இல்லை என்கிறது! நம் சொல்லும் அவர்கள் சொல்லும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே பத்திரத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

பொறியியல் படித்தவனுக்கு வேறொரு நெருடல் உண்டு. நாற்காலிக் கால் ஒருநாள் படக்கென்று முறிகிறது. பார்ப்பவருக்கு அது ஒரு நொடியின் விபத்து. ஆனால் உலோகச் சோர்வு பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் ஆயிரக்கணக்கான முறை பாரம் ஏறி இறங்கியதில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, கடைசி முறை தாங்க முடியாமல் விட்டிருக்கும். அது திடீர்ச் சேதமா, தேய்மானமா? இயற்பியலில் இரண்டும் ஒரே கோட்டின் இரு முனை. சட்டம் அந்தக் கோட்டில் ஓரிடத்தில் கத்தி வைத்தாக வேண்டும். எங்கே வைக்கிறது என்பதில்தான் ஒருவருக்குப் பணம் கிடைப்பதும் கிடைக்காததும்.

அந்தக் கத்தி சாதாரண மனிதர் பக்கம் சாய்ந்ததும் உண்டு. ஹாரிஸ் என்ற பெண்மணி திருட்டுக்குப் பயந்து நகைகளையும் பணத்தையும் கணப்படுப்பில் நிலக்கரிக்கு அடியில் ஒளித்து வைத்தார். பிறகு மறந்துபோய் அதே அடுப்பைப் பற்றவைத்தார். தீ எரிய வேண்டிய இடத்தில்தான் எரிந்தது, இது தீவிபத்தே இல்லை என்று காப்புறுதித் தரப்பு வாதாடியது. 1941இல் வந்த தீர்ப்பு ஹாரிஸ் பக்கம். தீ சரியான இடத்தில் இருக்கலாம், ஆனால் எரியக்கூடாத பொருள் தவறி அதற்குள் போய்விட்டதே, அதுவும் விபத்துதான். மறதி மனிதனுக்கு இயல்பு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட ஒரு தருணம் என்று இதைச் சொல்லலாம்.

பார்பனிலிருந்து ஹாரிஸ் வரை 260 ஆண்டு. காப்புறுதி சுவரிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து மனிதரின் கைத்தவறுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சரி, நம்ம ஊரில் நிலைமை என்ன?

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. சிங்கப்பூர் புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில் பிடித்த தீயில் 4 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அத்தாப்புக் கூரை, மரச்சுவர். பார்பன் பார்த்திருந்தால் இரண்டு மடங்கு சந்தா கேட்டிருப்பார். எரிந்த நிலத்தில் அரசாங்கம் அடுக்குமாடிகளைக் கட்டியது. 1960இல்தான் தொடங்கியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கதையில் அந்தத் தீ ஒரு திருப்புமுனை. சுவர் மரத்திலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியது. ஆபத்து வெகுவாகக் குறைந்தது. அது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை.

ஆனால் கான்கிரீட் சுவருக்குள்ளே இருப்பதெல்லாம் இன்னும் எரியக்கூடியதுதான். 1994 செப்டம்பரிலிருந்து, வீவகவிடம் வீட்டுக்கடன் பாக்கி உள்ளவர்களுக்குத் தீக்காப்புறுதி கட்டாயம். ஐந்தாண்டுக்கு 10 வெள்ளியைக்கூடத் தொடாத சந்தா. அது எதைக் காக்கிறது? வீவக கட்டிக்கொடுத்த சுவர், கதவு, பொருத்துகள். நாம் போட்ட புதுப்பிப்பு வேலை, வாங்கிய கட்டில், சோபா, அலமாரி எதுவும் அதில் இல்லை. வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். மலேசியாவில் இதற்கு இரண்டு தனிப் பெயரே உண்டு. ஹவுஸ்ஓனர் என்றால் கட்டடம், ஹவுஸ்ஹோல்டர் என்றால் உள்ளே இருக்கும் பொருள். உச்சரித்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதும் சேர்ந்துதான் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

கட்டாயம் எங்கே இருக்கிறதோ அங்கே யாருடைய பணம் இருக்கிறது என்று பாருங்கள். கடன் கொடுத்தவருக்குச் சுவர்தான் அடமானம். அதனால் சுவருக்குக் கட்டாயக் காப்புறுதி. கடன் தீர்ந்தால் கட்டாயமும் தீர்ந்துவிடுகிறது. நாற்காலி மேல் யாரும் கடன் கொடுக்கவில்லை. அது உங்கள் கவலை.

இதில் அதிகம் அடிபடுவது யார்? வாடகை வீட்டில் இருப்பவர். சுவர் அவருடையது இல்லை. அவருக்கென்று இருப்பதெல்லாம் ஒரு கட்டில், ஒரு குளிர்சாதனப் பெட்டி, பிள்ளை படிக்கும் ஒரு மேசை. மொத்த மதிப்பு சில ஆயிரம் வெள்ளி இருக்கலாம். அதுதான் அவருடைய முழுச் சொத்து. வசதியுள்ளவருக்கு அது ஒரு செலவு, இவருக்கு வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டிய இழப்பு.

காப்புறுதி வாங்கினாலும் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். 20,000 வெள்ளிப் பொருளை 10,000 என்று குறைத்துச் சொல்லிச் சந்தாவை மிச்சப்படுத்தியிருந்தால், சராசரி விதி உள்ள பத்திரத்தில் 4,000 வெள்ளிச் சேதத்துக்கு 2,000தான் கிடைக்கும். பாதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், பாதிதான் இழப்பீடு. அநியாயமாகத் தோன்றினாலும் கணக்குப்படி சரி.

சன் நிறுவனத்தின் பழைய பதிவேட்டில் லண்டன் வாடகைக்காரர் ஒருவரின் சாமானுக்கு ஒரு வரி இருக்கிறது. தாள் பழுப்பேறியும் அந்த வரி இருக்கிறது. நம் அடுக்குமாடிகளில் எத்தனையோ வீட்டுச் சாமான்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. வீட்டைக் காப்புறுதி செய்தாகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, எதை வீடு என்று சொல்கிறோம் என்பதை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.