புகலிடத்தின் முகம்: ஜப்பானிய அனிமேயில் அச்சத்தின் வரலாறு

ஜப்பானிய அனிமேயில் வரும் அச்சுறுத்தும் பாத்திரங்களைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் தோற்றத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். பிதுங்கிய கண், அளவுக்கு மீறி விரியும் வாய், இமைக்காத பார்வை என அப்பட்டியல் நீளும். அப்படங்களுக்குப் பின்னே உள்ள கதைமரபைத் தொடர்ந்து வாசித்தால் வேறொன்று புலப்படுகிறது. அம்மரபில் நம்மை முதலில் வெருட்டுவது ஒன்று. இறுதியில் உறையச் செய்வது மற்றொன்று. இரண்டாவது, பல வேளைகளில், நாம் அடைக்கலம் தேடி ஓடிய இடத்திலேயே காத்திருக்கிறது. அந்த இரண்டாவது முகத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இப்பதிவின் நோக்கம். சில கதைகளின் முடிவுகள் இதில் வெளிப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். பேய், பூதம், விந்தை உயிர் ஆகியவற்றைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொற்களுள் ஒன்று 'பகேமோனோ'. 'பகேரு' என்றால் உருமாறுதல். 'மோனோ' என்றால் பொருள். ஆக, உருமாறுவது எதுவோ அதுவே பகேமோனோ. இச்சொல் உருவத்தின் கோரத்தைப் பற்றி ஏதும் கூறவில்லை; உரு நிலைத்திராமையையே சுட்டுகிறது. 1776இல் ஓவியர் தோரியாமா செக்கியென் 'கஸு ஹ்யக்கி யக்யோ' என்னும் ஓவிய நூலை வெளியிட்டார். இரவில் உலவுவதாக நம்பப்பட்ட உயிர்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு வரைந்த நூல் அது. பெயரும் படமும் கிடைத்தபின் அவை ஓரளவு பழகியவை ஆயின. இன்று அனிமேயில் காணும் யோகாய் உருவங்கள் பலவற்றுக்கு மூலம் செக்கியெனின் ஏடுகளே.

ஆனால் வகைப்படுத்த முடியாத அச்சம் ஒன்று எஞ்சியிருந்தது. லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் வெளியிட்ட 'க்வைதான்' தொகுப்பில் 'முஜினா' என்றொரு சிறுகதை உண்டு. இரவில் அகசகாப் பகுதியின் சரிவுப்பாதை ஒன்றில் வணிகர் ஒருவர் அழுதுகொண்டிருக்கும் பெண்ணைக் காண்கிறார். ஆறுதல் சொல்ல நெருங்குகிறார். அவள் திரும்புகிறாள், முகத்தில் கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. வணிகர் இருளில் ஓடுகிறார். தொலைவில் ஒரு விளக்கு தெரிகிறது. அங்கே சோபா நூடுல்ஸ் விற்பவர் அமர்ந்திருக்கிறார். மூச்சிரைக்க நடந்ததைச் சொல்கிறார் வணிகர். நீர் கண்டது இப்படியா இருந்தது என்று கேட்டபடி விற்பவர் தம் முகத்தைத் தடவிக்கொள்கிறார். அம்முகமும் முட்டைபோல் வெறுமையாகிறது. விளக்கும் அணைகிறது.

கதையின் அச்சம் எங்கே இருக்கிறது? முகமற்ற பெண்ணோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு திடுக்கிடல் மட்டுமே. அவளை விட்டுத் தப்பி ஓடியவருக்குக் கிடைத்த விளக்கு அணைவதில்தான் கதை முழுமை பெறுகிறது. பின்வந்த அனிமேக்கள் இவ்வமைப்பை மீண்டும் மீண்டும் கையாள்கின்றன. சில வேளைகளில் தலைகீழாகவும்.

தலைகீழாக்கியதற்குச் சிறந்த சான்று கிதாரோ. இடுகாட்டில் பிறந்த ஒற்றைக்கண் சிறுவன். அவன் தந்தையோ ஒரு விழிக்கோளமாக எஞ்சியவர். 1930களில் காமிஷிபாய் எனப்படும் தெருவோரப் படக்கதைகளில் உலவிய இப்பாத்திரத்தை மிசுகி ஷிகெரு 1960 முதல் வாடகை மங்கா நூல்களில் புதிதாக வரைந்தார். மிசுகி இரண்டாம் உலகப் போரில் நியூ பிரிட்டன் தீவில் இடக்கையை இழந்தவர். 1968இல் கதை தொலைக்காட்சிக்கு வந்தபோது, தலைப்பில் இருந்த 'இடுகாடு' விளம்பரதாரருக்கு ஒவ்வாது என்பதால் 'கெகெகே நோ கிதாரோ' எனப் பெயர் மாறியிருந்தது. தொடரில் கிதாரோ மனிதர்களைக் காப்பவன். பார்த்ததும் ஓடத் தோன்றும் முகமே இங்கே புகலிடம். ஒரு தலைமுறைச் சிறார்கள் இந்த முரணோடு வளர்ந்தனர்.

1970இல் ரோபோவியல் பேராசிரியர் மோரி மசாஹிரோ 'புகிமி நோ தனி' என்னும் கட்டுரையை எழுதினார். 'புகிமி' என்பது இனம்புரியாத ஒவ்வாமை. 'தனி' என்பது பள்ளத்தாக்கு. பொம்மை மனிதரை ஒத்துவர ஒத்துவர நமக்கு நெருக்கம் கூடுகிறது; மிகமிக ஒத்துவரும் ஒரு கட்டத்தில் அந்நெருக்கம் திடீரெனச் சரிகிறது என்பது அவர் கருத்து. அவர் தரும் எடுத்துக்காட்டு செயற்கைக் கை. பார்வைக்கு உண்மைக் கைபோலவே இருக்கும். பற்றிக் குலுக்கும்போது குளிர்ந்திருக்கும். இங்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நம்பிக்கை, பிறகே தொடுகை. நூடுல்ஸ் விற்பவரின் கதையும் இவ்வரிசையில்தான் நிகழ்ந்தது.

1980களில் இவ்வரலாறு சமூகத் தளத்துக்கு நகர்கிறது. 'ஒதாகு' என்பது இயல்பாக 'தங்கள் இல்லம்' எனப் பொருள்படும் மரியாதைச் சொல். முன்னிலையில் இருப்பவரைத் 'தாங்கள்' என விளிக்கவும் பயன்படும். அனிமே, மங்கா ஆர்வலர்கள் தங்களுக்குள் இவ்விளியைப் பயன்படுத்தியதால், 1983இல் கட்டுரையாளர் நகமோரி அகியோ அச்சொல்லையே அவர்களுக்குப் பட்டப்பெயராக்கினார். 1989இல் நான்கு சிறுமியரைக் கொன்ற ஒருவன் கைதானபோது, ஆயிரக்கணக்கான வீடியோ நாடாக்கள் அடுக்கப்பட்ட அவனுடைய அறையை ஊடகங்கள் திரும்பத் திரும்பக் காட்டின. ஒருவன் செய்த கொடுமைக்காக ஒரு கூட்டமே ஐயத்துக்கு உள்ளானது. மரியாதைச் சொல் அருவருப்பின் பெயராயிற்று.

கோன் சதோஷியின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997) இப்பின்னணியில் பார்க்கத்தக்க படம். பாடகியாக இருந்து நடிகையாக மாறும் மிமாவை ஒரு ரசிகன் பின்தொடர்கிறான். அகன்று விலகிய கண்களும் கோணலான பற்களுமாக, பார்வையாளரின் ஐயம் முழுவதும் அவன்மீது விழும்படியே அவன் வரையப்பட்டிருக்கிறான். அவன் குற்றமற்றவனும் அல்லன், மிமாவைத் தாக்குகிறான். அவனிடமிருந்து தப்பியவளை அக்கறையோடு அழைத்துச் செல்பவர் மேலாளர் ருமி. படம் நெடுகிலும் மிமாவுக்காகப் பரிந்து பேசியவர், அவளுக்காகக் கண்ணீர் விட்டவர். கண்விழிக்கும் மிமா தன் அறையில் இருப்பதாக நினைக்கிறாள். அது அவள் அறையைப்போலவே ருமி அமைத்த வேறோர் அறை. தன்னையே உண்மையான மிமாவாகக் கருதும் ருமி அங்கே அவளைக் கொல்ல முனைகிறாள். விளக்கு அணைந்துவிட்டது.

மியாசாகி ஹயாவோவின் 'ஸ்பிரிடட் அவே' (2001) எதிர்த்திசையில் செல்கிறது. காவோனாஷி என்னும் பெயருக்கு 'முகமில்லாதது' என்பதே பொருள். வெள்ளை முகமூடியில் தெரியும் வாய் அதன் வாயன்று. உண்மையான வாய் அதற்குக் கீழே இருக்கிறது. அதற்குச் சொந்தப் பேச்சும் இல்லை. ஒரு தவளையை விழுங்கியபின் அத்தவளையின் குரலில் பேசுகிறது. குளியலகத்தில் எல்லோரும் பொன்னுக்குப் பணிவதைக் கண்டு பொன்னை வாரி இறைக்கிறது. சிஹிரோ மட்டும் அதை மறுக்கிறாள். பேராசை நிறைந்த அவ்விடத்தை விட்டு அகன்றதும் காவோனாஷி அமைதியாக அமர்ந்து நூல் நூற்கிறது. நாம் அஞ்சியது, புகலிடம் தேடிய ஓர் உயிரை.

2004 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'மான்ஸ்டர்' 74 பகுதிகள் கொண்டது. உரசவா நவோகியின் மங்காவைத் தழுவியது. 1986இல் டுசெல்டார்ஃப் நகர மருத்துவமனையில் மேலிடத்து ஆணையை மீறி, தலையில் குண்டடிபட்ட சிறுவனைக் காப்பாற்றுகிறார் மருத்துவர் தென்மா. அச்சிறுவன் யோஹான் அழகும் பணிவும் மென்குரலும் கொண்ட இளைஞனாகத் திரும்புகிறான், கொலைகாரனாகவும். தனிமையில் வாடுவோர் அவனிடம் மனம் திறக்கின்றனர். அவனுக்குப் பெரும்பாலும் ஆயுதம் தேவைப்படுவதில்லை, பேச்சே போதுமானது.

2011இல் வந்த 'மதோகா மாஜிகா' இம்மரபை ஒப்பந்தமாகச் சுருக்கியது. கியூபே வெண்ணிறக் குட்டி விலங்கு. பேசும்போது வாய் அசைவதில்லை. ஒரு விருப்பத்தை நிறைவேற்றுவதாகவும் ஈடாகச் சிறுமியர் மந்திரப் பெண்களாகிச் சூனியக்காரிகளை எதிர்க்க வேண்டும் என்றும் கேட்கிறது. மந்திரப் பெண்களே நம்பிக்கை இழந்ததும் சூனியக்காரிகளாகின்றனர் என்பதை அது சொல்வதில்லை. ஏன் மறைத்தாய் என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறது. மெய்யியலாளர் பால் கிரைஸ் விளக்கியபடி, உரையாடலில் எதிரே இருப்பவர் தேவையான அளவு தகவலைத் தருவார் என்னும் எதிர்பார்ப்போடுதான் நாம் பேசுகிறோம். கியூபே பொய்யுரைக்காமலேயே அவ்வெதிர்பார்ப்பை உடைக்கிறது. ஏமாற்றத்துக்கு ஆளாவோர் பதின்வயதுச் சிறுமியர் என்பது தற்செயலன்று.

விகாரமான முகத்தை ஐயுறுவதும் இனிய பேச்சிடம் ஐயத்தைக் கைவிடுவதும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள். முதலாவது குற்றமற்றவரைத் தண்டிக்கிறது. இரண்டாவது காக்கப்பட வேண்டியவரைக் கைவிடுகிறது. குழந்தைகளுக்கு நாம் கற்பிக்கும் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி முதற்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. முன்பின் அறியாதவரைக் கண்டால் ஓடு என்கிறோம். ஓடிச் சேரும் இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தருவதில்லை.

ஆகவே, இத்தகைய ஒரு படத்தைப் பார்க்கும்போது, அச்சுறுத்தும் பாத்திரத்தோடு பார்வையை நிறுத்திவிட வேண்டாம். அதை விட்டு ஓடுபவர் யாரை நோக்கி ஓடுகிறார் என்று பாருங்கள். கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.